வேன் ஊருக்குள் வந்த பிறகு

12.11.2006, ஞாயிறு

இன்று பகல் முழுவதும் அக்கா தூங்கினாள். சாப்பிட எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே தட்டை வாங்கினாள், கண்ணைத் திறக்காமலே சாப்பிட்டாள், தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள். மீன் முள்ளை மட்டும் எப்படியோ சரியாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் எழுந்து வாசலில் நின்று வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி பாரதி, நம்ம வீட்டுக்குப் பச்சையா அடிச்சிருக்காங்க? நான் நீலம்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தகரக் கொட்டகையை விட்டு இந்தச் சுனாமி வீட்டுக்கு வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அக்கா வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிடுகிறாள். பிறகு எப்போதுதான் சுவரைப் பார்ப்பாள்?

பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லி அடுப்படி லைட்டைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். சமூக அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வருகிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

14.11.2006

மழை. அக்காவை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு வருவதற்குள் முழுக்க நனைந்துவிட்டேன். போகும்போது பயம் இல்லை. டார்ச்சை நான் பிடிப்பேன், குடையை அக்கா பிடிப்பாள். வேன் போன பிறகு கருவக்காட்டைத் தாண்டித் தனியாக வருவதுதான். அங்கே நாய்கள் இருக்கின்றன. நாய் மட்டும்தான் என்றால் பரவாயில்லை. நேற்று யாரோ பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். நெருப்பு மட்டும் தெரிந்தது.

"பாட்டு பாடிக்கிட்டே போடி, ஒண்ணும் வராது" என்கிறாள் அக்கா. வாயைத் திறந்தால் பல்தான் அடித்துக்கொள்கிறது.

கம்பெனி பஸ் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இல்லை. இறால் கம்பெனியோ வேளாங்கண்ணிக்கும் தெற்கே. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு வேன் பேசி வைத்திருக்கிறார்கள். டிரைவர் பெயர் அருள்ராஜ். கோட்டுச்சேரி, தலத்தெரு, காரைக்கால், பட்டினச்சேரி என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டி, நாகூர், நாகப்பட்டினம் என்று போகும். வேனிலேயே பல் விளக்குவார்களாம், தலை சீவுவார்களாம். ஒருத்தி தினமும் ஜன்னல் வழியாக வாந்தி எடுப்பாளாம். அவள் எடுக்காத அன்றைக்கு "இன்னிக்கு என்னாடி விரதமா?" என்று கேட்பார்களாம்.

19.11.2006

அக்காவின் விரல் நுனிகள் ஊறிப்போய் வெள்ளையாக இருக்கின்றன. நாள் பூராவும் ஐஸ் தண்ணீரில் இறால் உரித்தால் அப்படித்தான். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். தடவும்போதே தூங்கிவிட்டாள்.

தூங்கும் முன் வேன் சண்டை ஒன்றைச் சொன்னாள். யாருடைய குழம்பு டப்பாவோ சாய்ந்து இன்னொருத்தியின் சேலையில் ஊற்றிவிட்டது. "நீதான் தட்டிவிட்ட", "நீதான் ஒழுங்கா மூடல" என்று நாகப்பட்டினம் வரை கத்தல். கடைசியில் பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு அத்தைதான் சட்டம் போட்டிருக்கிறாள்: இனிமேல் அவங்கவங்க சீட்டு அடி அவங்கவங்க பாடு. கொட்டினாலும் அவர்கள், தொலைந்தாலும் அவர்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சண்டை இல்லை.

அக்காவைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அத்தைதான். வேனில் அக்கா அவள் தோளில்தான் சாய்ந்து தூங்குவாள். "தோள் வாடகை எப்பக் குடுக்கப் போற?" என்று கேட்பாளாம்.

3.12.2006, ஞாயிறு

இன்று நான் அழுதேன். சந்தோஷத்தில்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அம்மாடி, நாளையிலேருந்து நீ போவ வேணாம். ஜெயாவ நான் கொண்டுபோயி விடறேன். பொட்டப் புள்ள இருட்டுல தனியா திரும்பி வர்றது எனக்கு நல்லா இல்ல. நீ படி."

வள்ளம் சுனாமியில் போன பிறகு அப்பா இப்படிப் பேசிக் கேட்டதில்லை. யாராவது படகுக்கு ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், போவார். இல்லாவிட்டால் கரையில் சீட்டாட்டம், வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுப்பார். அக்காவும் நானும் அவர் கண்ணில் படுகிறோமா என்றே சந்தேகமாக இருக்கும். நான் இருட்டில் பயப்படுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

5.12.2006

அக்காவின் பையைக்கூட அப்பாதான் தூக்கிக்கொண்டு போகிறார். அக்கா வெறும் கையோடு பின்னால் நடக்கிறாள். ராணி மாதிரி.

8.12.2006

இன்றிலிருந்து வேன் ஊருக்குள்ளேயே வருகிறது! மாரியம்மன் கோயில் வரை. மெயின் ரோடு வரை யாரும் நடக்க வேண்டாம். அப்பாதான் டிரைவரிடம் பேசி வர வைத்தார். எல்லோருக்கும் இன்னும் கொஞ்ச நேரம் தூக்கம் கிடைக்கும். செல்லக்கண்ணு அத்தை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள்:

"அமிர்தலிங்கம் அண்ணன் புண்ணியத்துல இனிமே அரை மணி கூட கால நீட்டுவேன். எம் புருசன் பதினஞ்சு வருசத்துல குடுக்காத சொகம்டி இது!"

அப்பா வெட்கப்பட்டார். நான் பார்த்தேன்.

17.12.2006

அக்கா முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கால் வீக்கமும் வடிந்திருக்கிறது. வேனில் அவள் சீட்டுக்கு அடியில் டிரைவரின் உப்பு மூட்டை ஒன்று கிடக்கிறதாம். அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். "கால வச்சன்னா நாகூரும் தெரியாது, நாகப்பட்டினமும் தெரியாது. கம்பெனி கேட்டுலதான் முழிப்பு" என்றாள்.

26.12.2006

சுனாமி வந்து இரண்டாம் வருடம். யாரும் கடலுக்குப் போகவில்லை. வேனும் இல்லை. கரையில் பால் ஊற்றினார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது அக்கா மணலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். யாரும் திட்டவில்லை.

9.1.2007

வேன் வந்துவிட்டது. அக்கா வரவில்லை. இறங்கினவர்கள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போகிறார்கள். அத்தைகூட. அப்பா ஊர்த் தலைவரைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறார். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மாரியாத்தா, அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

10.1.2007

அக்கா வந்துவிட்டாள். ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

வாஞ்சூரில் பெண்கள் வேனை யாரும் சோதனை போட மாட்டார்கள். இப்போது புதிதாகப் பெண் போலீஸ் வந்திருக்கிறார்கள். நேற்று வேனை ஓரம் கட்டி உள்ளே ஏறினார்கள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் டார்ச் அடித்து எழுப்பியபோது கால் மூட்டையின் மேல் இருந்தது. மூட்டையைப் பிரித்தால் உப்பு இல்லை. எங்கள் காரைக்கால் பக்கத்துச் சாராயம், தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதது. வைக்கோல் சுற்றி, பாட்டில் பாட்டிலாக.

"யாருதும்மா இது?" என்று அந்தப் பெண் போலீஸ் மரியாதையாகத்தான் கேட்டாராம்.

"டிரைவருதுங்க. உப்புன்னு சொன்னாருங்க."

அருள்ராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "எனக்கு என்னங்க தெரியும்? சீட்டுல ஒக்காந்திருக்கவங்களக் கேளுங்க. அவங்கவங்க சாமான அவங்கவங்கதான் வச்சுக்கறாங்க."

போலீஸ் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு செல்லக்கண்ணு அத்தை பேசினாள்.

"ஆமாங்க. எங்க வேன்ல அவங்கவங்க சீட்டு அடி அவங்கவங்களுதுங்க."

அவ்வளவுதான். ஒருத்தி சொன்னதும் மற்றவர்களும் ஆமாங்க, ஆமாங்க என்றார்களாம். அக்கா அத்தையின் முகத்தைப் பார்த்தாளாம். அத்தை தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாளாம். அக்காவை இறக்கிவிட்டு வேன் வேலைக்குப் போய்விட்டது.

அத்தையால் எப்படி முடிந்தது? அந்தத் தோளில்தானே அக்கா தூங்கினாள்?

17.1.2007

பொங்கல் வைக்கவில்லை. கேஸ் உள்ள ஆள் வேண்டாம் என்று காண்ட்ராக்டர் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அக்கா பகலில் வீட்டில் இருக்கிறாள். சுவரைப் பார்க்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் இன்று ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்கக்கா இன்னும் ஸ்டாக்கு வச்சிருக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். என் அக்கா சோடா குடித்தால்கூடப் புரையேறும்.

21.1.2007, ஞாயிறு

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. பெண்கள் பேசக் கூடாது. கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கலாம். வீட்டுப் பெண் தப்பு செய்தால் வீட்டு ஆம்பளைதான் சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். அக்கா, அம்மா, நான் மதிலோரம் நின்றோம். மதிலில் ஒரு ஓட்டை. நான் அதன் வழியாகப் பார்த்தேன்.

தலைவர், "ஒன் பொண்ணு ஊரு பேரக் கெடுத்துட்டா அமிர்தலிங்கம், என்ன சொல்ற?" என்றார்.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மணலில் நெற்றி பட்டது. "எம் பொண்ணு தெரியாம செஞ்சிட்டா. ஊரு பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்" என்றார். எழுந்தபோது முட்டி தேய்ந்து வேட்டி கிழிந்திருந்தது.

"பொண்ணு பண்ண தப்புக்கு அப்பன் விழுவுறான் பாரு. இவன்டா மனுசன்" என்று யாரோ சொன்னார்கள். அபராதம் போட்டார்கள். ஜெயப்ரியா இனி அந்த வேனில் ஏறக் கூடாது என்றும் சொன்னார்கள்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் ஒண்ணுமே பண்ணலடி. எனக்காக அப்பா விழுந்துட்டாருடி."

செல்லக்கண்ணு அத்தையை நான் மன்னிக்கவே மாட்டேன்.

24.1.2007

அக்கா அப்பாவின் முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போடுகிறாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுத்துக்கொள்கிறார்.

28.1.2007, ஞாயிறு



அடிபம்பில் அத்தை துணி அலசிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்று போனேன்.

"அந்த மூட்டை டிரைவருதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல அத்தை? ஏன் பொய் சொன்னீங்க?"

"போடி. பரிச்சைக்குப் படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?"

"அக்கா ஒங்க தோள்லதான தூங்குவா?"

துணி அலசிக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்கு மனசு இல்லைன்னு நெனச்சியா? வண்டிக்காரனுதுன்னு சொன்னா வண்டியப் புடிச்சு வச்சிருவாங்க. நாங்க அத்தன பேரும் எதுல போறது? யாரு வீட்டுல ஒல வைக்கிறது? கல்யாணம் ஆவாத புள்ள, எழுதி வாங்கிட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"அதுக்கு? அவன் சரக்குக்கு எங்கக்கா போவணுமா?"

"அவனுக்கு ஏதுடி சரக்கு? அவன் வண்டி ஓட்டுறவன், காசு குடுத்தா ஏத்துவான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டோமே என்று அவள் முகம் மாறியது. நான் அப்போதுகூடப் புரிந்துகொள்ளவில்லை.

"யாருது அத்தை?"

"ஒங்கப்பா வேன ஊருக்குள்ள வர வச்சது எதுக்குன்னு நெனச்ச? எங்க தூக்கத்துக்கா? மூட்டையத் தூக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்தா நாலு பேரு பாப்பாங்கன்னு."

இல்லை என்றேன். பொய் சொல்லாதீங்க என்று கத்தினேன். அவள் ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். அப்படியே காதுக்குள் சொன்னாள்.

"கேளு. மொத நாளு யாரு சீட்டு அடியில வைக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. நான் மாட்டேன்னுட்டேன். ஒருத்தியும் ஒத்துக்கல. ஒங்கக்கா ஏறுனதும் தூங்கிட்டா. நாங்க கீழ நின்னு பேசிட்டிருந்தோம். ஒங்கப்பாதான் சொன்னாரு. எம் பொண்ணு சீட்டு அடியில கெடக்கட்டும், அவ தூங்கிட்டா அசைய மாட்டா, யாருக்கும் தெரியாதுன்னு."

எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

"ஒங்கக்காவத் தவிர."

அரை மணி நேரத் தூக்கம். அதற்காக எல்லாரும் வாயை மூடிட்டாங்க. அவங்களச் சொல்லி என்ன? அப்பா. அப்பா ஏன்? பை தூக்கினது, அம்மாடின்னு கூப்பிட்டது, நீ படின்னு சொன்னது — எல்லாம் அதுக்குத்தானா? நான் அன்னிக்கு அழுதேனே.

29.1.2007

அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த மூட்டை அப்பாவோடதா என்று கேட்டேன்.

இல்லை என்று சொல்லவில்லை. என்னடி உளறுகிறாய் என்றும் சொல்லவில்லை.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றாள்.

பிறகு என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "சபையில விழுந்தாருல்ல? அதோட முடிஞ்சுபோச்சு. ஜெயாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்த வீட்டுல நிக்க மாட்டா. அவ போயிட்டா எவ சம்பாத்தியத்துல நீ படிக்கிற? நான் விக்கிற மீன்லயா?"

அம்மாவின் கை மீன் வாடை அடித்தது. எப்போதும் அடிக்கிற வாடைதான். இன்றைக்குக் குமட்டியது.

1.2.2007

அப்பா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்ன அம்மாடி எழுதுற?"

"ஆறுங்க... இந்தியாவுல ஓடுற ஆறுங்க."

அப்பா நோட்டைக் கையில் எடுத்தார். முன்பக்கத்திலிருந்து புரட்டினார். கங்கை, யமுனை, கோதாவரி. காவிரி வரைக்கும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "கையெழுத்து நல்லாருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் புரட்டியிருந்தால்?

கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

15.2.2007

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் காண்ட்ராக்ட்தான். கருவாடு கட்டுகிற இடம். பழைய கம்பெனியைவிடத் தூரம். பக்கத்தில் எங்கே கேட்டாலும் கேஸ் கதை முன்னாலேயே போய் நிற்கிறதாம். வேன் கிடையாது. மெயின் ரோட்டில் முதல் பஸ் ஏறி, காரைக்காலில் மாறி, நாகப்பட்டினத்தில் மாறி, அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ. பஸ்ஸில் தூங்கினால் இறங்குமிடம் போய்விடும் என்று கைக்குட்டை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்காருகிறாளாம்.

போலீஸ் சோதனைக்குப் பிறகு டிரைவர் ஊருக்குள் வருவதில்லை. அத்தையும் மற்றவர்களும் மறுபடி மெயின் ரோடு வரை நடக்கிறார்கள். ஒரே இடத்தில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். அக்காவிடம் யாரும் பேசுவதில்லை.

அப்பா தினமும் அக்காவைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுகிறார். பையையும் தூக்குகிறார். அதில் இப்போது சாப்பாடு மட்டும்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அக்கா போன பிறகு எனக்கு ஒரு வரிகூடப் படிப்பு ஏறுவதில்லை. அவள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் மூச்சு வருகிறது.

25.2.2007

சொல்லலாமா? சொன்னால் அக்கா போய்விடுவாள். என் படிப்பும் போகும். சொல்லாவிட்டால் — நானும் அந்த வேனில் ஒருத்தி.

2.3.2007

அக்கா முதல் சம்பளத்தில் ஒரு வேட்டி எடுத்து வந்திருக்கிறாள். கரை போட்டது. நாளை மாசி மகம். சாமியைக் கடலுக்குத் தூக்குகிற ஆட்களில் இந்த வருடம் அப்பாவையும் சேர்த்திருக்கிறார்கள். அன்றைக்குச் சபையில் விழுந்ததிலிருந்து ஊரில் அவருக்கு அவ்வளவு மரியாதை.

"அன்னிக்கு எனக்காக விழுந்தப்ப பழைய வேட்டி கிழிஞ்சு போச்சுல்ல. அதான்" என்று அக்கா அவர் கையில் கொடுத்தாள்.

அப்பா வாங்கிக்கொண்டார். வாங்கிக்கிட்டாரு! கை நடுங்கும்னு நெனச்சேன். மடிப்பைப் பிரித்து, கரையைத் தடவிப் பார்த்து, "நல்ல துணி" என்றார்.

3.3.2007, மாசி மகம்

சொல்லிவிட்டேன்.

கடற்கரையில் ஒரே கூட்டம். மேளம். புது வேட்டியில் அப்பா சாமியைச் சுமந்து அலைக்குள் இறங்கினார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கும்பிட்டது சாமியையா அப்பாவையா தெரியவில்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வலை உலர்த்துகிற பக்கம் போய், அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா சொன்னதையும் சொன்னேன். பயத்தில் வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது.

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். மேளம் நிற்கிற வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தூங்கிட்டா அசைய மாட்டேன்னு சொன்னாராமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள்.

பிறகு கடைத்தெருவில் எனக்குப் பொரி வாங்கிக் கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். "தின்னு" என்று அதட்டினாள். வீடு வரும் வரை என் கையை விடவில்லை. அவள் கை சில்லென்றிருந்தது.

5.3.2007

நேற்று முழுவதும் அக்கா தூங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலும்.

இன்று சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள். "நாளையிலேருந்து நீங்க எந்திரிக்க வேணாம். பாரதி வருவா."

"அவளுக்குப் பரிச்ச வருது. இருட்டுல எப்படித் திரும்பி வருவா?"

"வருவா. இருட்டுதான, அதப் பத்தி ஒண்ணும் இல்ல."

அப்பா அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இப்போது எழுந்து வருவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து கூழாகிவிட்டது. ஒரு வாய்கூட எடுக்காமல் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அக்காதான் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அவள மொறைக்காத. நான் எங்கயும் போவல. இவ படிச்சு முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்கப்பறம் என்னையும் இவளையும் தேடாதீங்க."

6.3.2007

டார்ச்சை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் போனோம். அப்பா விழித்துத்தான் இருந்தார். போர்வைக்குள் கண் திறந்திருந்தது. எழவில்லை.

மெயின் ரோட்டில் வேன் பெண்கள் நின்றிருந்தார்கள். நாங்கள் வந்ததும் பேச்சு நின்றது. செல்லக்கண்ணு அத்தை யாரையும் பார்க்காமல், "பனி அதிகமாருக்கு" என்றாள். அவள் தன் துண்டை எடுத்து என் தலையில் போட வந்தாள். அக்கா அதற்கு முன் தன் முந்தானையால் என் தலையை மூடினாள்.

"ஹால் டிக்கெட் எப்பக் குடுப்பாங்க?"

"அடுத்த வாரம்."

"ஏதாவது கட்டச் சொன்னா என்கிட்டக் கேளு. அவருகிட்டக் கேக்காத."

அவரு என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

பஸ் வந்தது. உள்ளே லைட் எரிந்தது. கண்டக்டரைத் தவிர ஆறேழு பேர் இருப்பார்கள், எல்லோரும் தூக்கத்தில். அக்கா ஏறினாள். ஜன்னலோரம் காலியாக இருந்தது. நடுவிலும் காலி. கண்டக்டர் கையைக் காட்டி உட்காரச் சொல்வது தெரிந்தது. அக்கா தலையை ஆட்டினாள். பஸ் கிளம்பி, வளைவில் திரும்பி மறைகிற வரை பார்த்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலே கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டேதான் போனாள்.